மேடையிலிருந்த எல்லாருக்கும் பச்சை

விமலேஸ்வரிக்குப் புற்றுநோய் இல்லையென்று பூநகரியில் வெடி கொளுத்திய அன்று, அவளுடைய இடது மார்பில் நெல்லிக்காயளவில் ஒரு கட்டி இருந்தது. வெடிச்சத்தம் கட்டிக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. அது தன்பாட்டில் இருந்தது.

வெடி கொளுத்தியவர் அவளுடைய கணவர் வீரகத்தி. ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். உரமானியக் கூட்டமோ, வாய்க்கால் துப்புரவுக் கூட்டமோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, எது நடந்தாலும் மேடையில் அவருக்கு ஒரு கதிரை இருக்கும். இல்லாவிட்டால், யாராவது ஓடிப்போய் ஒன்றைக் கொண்டுவந்து போடும்வரை அவர் படிக்கட்டிலேயே நின்று சால்வையைச் சரிசெய்துகொண்டிருப்பார். வீட்டு அலுமாரியில் விமலேஸ்வரியின் சேலைகளுக்கு ஒரு தட்டு. மற்றத் தட்டுகளெல்லாம் அவருக்குப் போர்த்திய பொன்னாடைகளுக்கு. பொன்னாடைகளுக்குப் பூச்சியுருண்டை போடுவது மட்டும் அவளுடைய பொறுப்பு.

புற்றுநோய் இல்லையென்று சொன்ன அந்தப் பச்சை ரிப்போட் வந்த கதை இப்படி.

வெளிநாட்டிலிருந்து கலாநிதி நிரஞ்சன் என்று ஒருவர் வந்து இறங்கினார். ‘வன்னி மூலக்கூற்று நல்வாழ்வு மன்றம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். முதல் துண்டுப்பிரசுரத்தில் அவர் கலாநிதி மட்டும். இரண்டாவதில் பேராசிரியர் கலாநிதி. மண்டப வாசலில் கட்டிய பெரிய பதாகையில் விஞ்ஞானச் செம்மல் பேராசிரியர் கலாநிதி. தன்னுடைய கலாநிதிப் பட்டம் கணக்கியலில் என்பதை அவர் ஒருபோதும் ஒளித்ததில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. ஒரு துளி இரத்தத்திலிருந்து மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனையை வன்னிப் பெண்களுக்கு இலவசமாகச் செய்யப்போவதாக அவர் அறிவித்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஊருக்கு நல்லது செய்யவேண்டும், செய்யும்போது நல்ல வெளிச்சத்தில் நிற்கவேண்டும், இவ்வளவுதான்.

தொடக்கவிழாவில் அவர் பேசிய பேச்சை விமலேஸ்வரி மேடையிலிருந்தே கேட்டாள்.

“உங்கள் உடம்பில் ஒவ்வொரு கலத்துக்குள்ளும், ஒவ்வொரு செல்லுக்குள்ளும், ஒரு பொதுக்கூட்டம் நடக்கிறது,” என்றார் கலாநிதி. “மரபணுக்கள்தான் பேச்சாளர்கள். இந்தப் புரதத்தைச் செய், அந்தப் புரதத்தைச் செய் என்று முழங்கிக்கொண்டே இருப்பார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது என்ன? பேச்சாளருக்குத் தலைவர் அனுப்புகிற துண்டு! ‘போதும், இருங்கள்’ என்று எழுதிய சின்னத் துண்டு! புற்றுநோயிலே இந்தத் துண்டுகள் குழம்பிப் போகின்றன. பெருகு, பெருகு என்று கத்துகிறவனுக்குத் துண்டு போய்ச் சேராது. காவல் நிற்கிற நல்ல பேச்சாளனுக்குத் துண்டுக்கு மேலே துண்டு போய் அவன் வாய் அடைபட்டுவிடும். இந்தத் துண்டுகளிலே சில இரத்தத்திலும் மிதக்கும். அவற்றை அளந்து பார்த்தால் உள்ளே நடப்பது வெளியே தெரியும். நோபல் பரிசே கிடைத்த விஷயம் இது!”

இதுவரை அவர் சொன்னதில் பிழையில்லை, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நோபல் பரிசு தனக்குக் கிடைத்ததுபோலக் கையெடுத்துக் கும்பிட்டார். பின்வரிசையில் இரண்டு பேர் எழும்பி நின்று கைதட்டினார்கள். அவர் திருத்தவில்லை. மேலும் பேசினார். தலைமை தாங்கிய வீரகத்தி ஒரு துண்டு எழுதி அனுப்பினார். பிறகு இன்னொன்று. கலாநிதி இரண்டையும் வாங்கி, வாசித்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்.

மேடையில் பத்துப் பேருக்கு முதலில் இரத்தம் எடுப்பதாக ஏற்பாடு. அவர்களுக்கு ‘முதன்மைக் குருதியாளர்’ என்று பெயர். ஆறு பேர் பெண்கள், விமலேஸ்வரி உட்பட. நான்கு பேர் அமைப்புகளின் தலைவர்கள், வீரகத்தி உட்பட. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று கலாநிதி சொல்லிவிட்டதால் அவர்களுக்கும் கதிரை கிடைத்தது. விழா தொடங்குமுன் காலமையே பத்துப் பேரிடமும் இரத்தம் எடுத்தாயிற்று. குழாய்களை ஒரு தட்டில் நிறுத்தி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, சுற்றிவரச் செவ்வரத்தம்பூ அடுக்கினார்கள். இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற சின்ன மெஷினும், குளிர்ப்பெட்டியும் அதே மேசையில்தான் இருந்தன. இரண்டையும் சேர்த்து ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. பிரதம விருந்தினர் வந்து வெட்டவேண்டும்.

மெஷினோடு வந்த பெண் வீரகத்தியிடம் வந்து, நாடாவைக் கொஞ்சம் அவிழ்க்கலாமா என்று கேட்டாள்.

“என்ன பிள்ளை கதைக்கிறாய்? நாடா வெட்டாமல் மெஷினைத் திறக்கிறதோ? முறையெண்டு ஒண்டு இருக்கெல்லோ!”

கொஞ்சநேரத்தால் அவள் திரும்பவும் வந்தாள். வீரகத்தி அவளைப் பார்க்காமலே கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

பிரதம விருந்தினர் கிளிநொச்சியில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நாடா வெட்டினார். மெஷின் சுற்றியது. எல்லாரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு மண்டபத்தில் வரிசையாக நின்ற சாதாரண பெண்களுக்கு இரத்தம் எடுத்து, உடனுக்குடன் சுற்றிப் பெட்டியில் வைத்தார்கள். அவர்களுக்குப் பூவும் இல்லை, விளக்கும் இல்லை.

பெட்டி வெளிநாட்டு லாப்புக்குப் போய், முடிவுகள் நிறத்தில் வந்தன: பச்சையென்றால் நோயில்லை, மஞ்சளென்றால் சந்தேகம், சிவப்பென்றால் ஆபத்து. மண்டபத்துப் பெண்களுக்குப் பச்சையும் வந்தது, மஞ்சளும் வந்தது, ஒன்றிரண்டு சிவப்பும் வந்தது. மேடையிலிருந்த பத்துப் பேருக்கும் பச்சை. மேடையில் இருக்கிறவர்களை நோய் அண்டாது என்று ஊர் விளங்கிக்கொண்டது. வீரகத்தி தன்னுடைய பச்சை ரிப்போட்டையும் மனைவியுடையதையும் லமினேட் செய்து, சட்டம் போட்டு, விறாந்தையில் மாட்டினார். அதன் பிறகுதான் வெடி.

விமலேஸ்வரி அந்தச் சட்டத்துக்குக் கீழே நின்று கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அது அங்கேதான் இருந்தது.

இரத்தம் கொடுக்கிறதுக்கு முன்னமே அவள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டியைக் காட்டியிருந்தாள். ஸ்கான் செய்து பார்த்துவிட்டு, ஊசி குத்தித் தசை எடுத்துச் சோதிக்க ஒரு வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

“இஞ்சேருங்கோ, வியாழக்கிழமை என்னைக் கிளிநொச்சியிலை கொண்டுபோய் விடவேணும். ஊசி குத்திற நாள்.”

வீரகத்தி மேடையில் அவளை ‘எனது துணைவியார் அவர்கள்’ என்பார். வீட்டில் வேறு கதை.

“உனக்கென்ன விசரோ? பச்சை வந்த உடம்பிலை ஏன் ஊசி குத்துவான்?”

“பச்சை ரிப்போட்டுக்குத்தானே வந்தது. கட்டிக்கு ஒண்டும் வரேல்லை.”

“வெளிநாட்டு லாப்பிலை மெஷின் வைச்சு அளந்து சொல்லியிருக்கிறாங்கள். நோபல் பரிசு குடுத்த சாமான். அதை விட்டிட்டு, ஆஸ்பத்திரியிலை ஒரு பிள்ளை கையாலை தடவிப் பாத்துச் சொன்னதை நம்பப் போறியோ?”

“நெல்லுக் காஞ்சிட்டுதோ எண்டு நீங்கள் கையிலை எடுத்துக் கடிச்சுத்தானே பாக்கிறியள். அதுக்கு ஆர் நோபல் பரிசு தந்தது?”

பேச்சில் தோற்கிற நேரங்களில் வீரகத்தி அழைப்பிதழை எடுப்பார். எடுத்தார்.

“வியாழக்கிழமை என்ன நாள் தெரியுமோ? இஞ்சை பார். நன்றி நவிலும் பெருவிழா. ‘அனுபவ உரை: பச்சைநிலைப் பெண்மணி திருமதி விமலேஸ்வரி வீரகத்தி.’ அச்சடிச்சாச்சு. இந்தமுறை கொழும்பிலையிருந்து ஒரு பெரியவர் வாறார். கலாநிதி உனக்குப் பேச்சும் எழுதித் தந்திருக்கிறார். பாடமாக்கு.”

பேச்சு ‘கத்தியின்றி, ஊசியின்றி’ என்று தொடங்கியது. விமலேஸ்வரி முதல் வரிக்கு மேல் வாசிக்கவில்லை.

பின்னேரம் அவள் கமலாட்சி வீட்டுக்கு நடந்தாள். இருவரும் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள். கமலாட்சி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள், இப்போது லீவில். அவளுக்கு மார்பகத்தில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது என்பது ஊரறிந்த விஷயம். மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகிறார்கள். ‘புற்றுநோயை வென்றுவரும் வீராங்கனை’ என்று அவளையும் மேடையில் இருத்தி இரத்தம் எடுத்தார்கள்.

அவளுக்கும் பச்சை.

“வாடி, பச்சைப் பெண்மணி,” என்றாள் கமலாட்சி. மொட்டைத் தலையில் பருத்திச் சால்வை கட்டியிருந்தாள். “உன்ர பேச்சு எந்தளவிலை?”

“பகிடி விடாதை கமலா. உனக்கும் பச்சையெண்டு சொன்னவையே, நீ கலாநிதியிட்டைக் கேக்கேல்லையோ?”

“கேட்டனான். கான்சர் இல்லாத எனக்கு ஏன் ஐயா மருந்து ஏத்திறாங்கள், இது என்ன மூண்டு கிழமைக்கு ஒருக்கா மொட்டையடிக்கிற நேர்த்திக்கடனோ எண்டு கேட்டனான்.”

“என்ன சொன்னவர்?”

“‘இது உங்கள் மனவுறுதியின் வெற்றி’ எண்டு சொல்லி இன்னொரு பொன்னாடை போர்த்தினார். இடுப்பெலும்பிலை இருக்கிறவருக்கு ஆரும் சொல்லேல்லைப் போலை. வெற்றி தெரியாமல் நிண்டு குத்திறார்.”

இருவரும் சிரித்தார்கள். கமலாட்சி சிரிப்பை முடிக்கமுன் வலியில் கதிரைக் கையைப் பிடித்தாள். விமலேஸ்வரி எழும்பினாள், கமலாட்சி கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“பயமா இருக்கோ?”

“ஊசிக்குப் பயமில்லை,” என்றாள் விமலேஸ்வரி. “அந்தப் பச்சையைப் பாக்கேக்கை நம்பவேணும் போலை கிடக்கு. காலமை எழும்பினவுடனை நம்பிறன். குளிக்கேக்கை நம்பேலாமல் கிடக்கு. எனக்கு உதுதான் பயம்.”

“என்ர உடம்பிலை இருக்கிறதே அந்த ரிப்போட்டுக்குத் தெரியேல்லை. உன்ர உடம்பிலை இல்லையெண்டு அதுக்கு என்னெண்டடி தெரியும்?” கமலாட்சி கணித ரீச்சர். வகுப்பில் கேட்பதுபோலத்தான் கேட்டாள். “போ. ஆரும் கொண்டுபோகாட்டி நடந்தெண்டாலும் போ.”

நடந்து போகிற தூரமில்லை. பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்குப் பஸ் பிடிப்பதே ஒரு சீவியம். வியாழக்கிழமை விடிந்தபோது காலமை போகிற ஒரே பஸ்ஸும் இல்லை. தனியார் பஸ்காரனை மன்றம் வாடகைக்கு எடுத்து, விழாவுக்குச் சனம் ஏற்றிவரக் கரையோரக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டது. வீரகத்தி மோட்டார்சைக்கிளை விடியவே எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்.

விமலேஸ்வரி நல்ல சேலை ஒன்றைக் கட்டினாள். கிளினிக் கொப்பியைக் கைப்பையில் வைத்தாள். மண்டபத்துக்கே போனாள்.

அங்கே வீரகத்தி மைக்கைத் தட்டி ஹலோ, ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். கலாநிதி பதாகையில் தன் படம் சரிவாக இருப்பதாகச் சொல்லி ஏணி கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் வாழை கட்டிய வான் வண்டி ஒன்று நின்றது. பெரியவரைக் கிளிநொச்சி விடுதியிலிருந்து ஏற்றிவர வேண்டும். சும்மா வானை அனுப்பி ஏற்றிவருவது மரியாதையில்லை. மாலையோடு ஒரு பெண்மணியும் போகவேண்டும், எதிர்கொண்டு அழைக்க. போகவிருந்த பெண்மணிக்குக் காய்ச்சல்.

“ஆர் போறது? ஆர் போறது?” என்று வீரகத்தி பதறினார்.

“நான் போறன்,” என்றாள் விமலேஸ்வரி.

வீரகத்தியின் முகம் மலர்ந்ததை இப்படி அப்படி என்று சொல்லிமுடியாது. தன் மனைவி, பெரியவருக்கு மாலை போடுகிறாள், படம் எடுக்கிறார்கள், அந்தப் படம் விறாந்தையில். கோபமெல்லாம் பறந்தது. வான் கதவைத் தானே திறந்து, மாலைத் தட்டை அவள் மடியில் தானே வைத்தார்.

“கவனமாப் போயிட்டு வாங்கோ,” என்றார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் மரியாதையாகவே சொன்னார்.

வானை ஓட்டியவன் ரஜிதன், மூன்று பிள்ளைகளின் தகப்பன். பரந்தன் தாண்டும்வரை பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். கிளிநொச்சி ஆஸ்பத்திரி கிட்டியதும் விமலேஸ்வரி அவன் தோளைத் தட்டினாள்.

“இதிலை நிப்பாட்டு, ரஜிதன்.”

“அன்ரி, அவர் விடுதியிலை அல்லோ நிக்கிறார்?”

“விருந்தினர் அங்கை. வருத்தக்காரி இஞ்சை.”

ரஜிதன் பிரேக்கை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். “அப்ப மாலை?”

“நீ போடு.”

“ஐயோ அன்ரி, நான் போட்டா என்னைக் கொல்லுவினம்! பெண்மணியெண்டு சொன்னவை.”

“அவரின்ர கழுத்துக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியாது. போடு. ஆரும் கேட்டா, பச்சைநிலைப் பெண்மணி ஆஸ்பத்திரியிலை இறங்கிட்டா எண்டு சொல்லு. சத்தமாச் சொல்லு.”

மாலைத் தட்டை முன் ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கினாள். வாழை கட்டிய வான் ஒன்றிலிருந்து பட்டுச்சேலையோடு ஒருத்தி இறங்கிவருவதைக் கண்டு வாசற்காவலாளி எழும்பி நின்றான். வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்தவள் என்று அவள் சொன்ன பிறகுதான் திரும்ப உட்கார்ந்தான்.

டொக்டர் ஸுல்பா முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. சிறிய உருவம், சிறிய குரல். விமலேஸ்வரியைக் கட்டிலில் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து போட்டார். அந்த நேரம் பார்த்துக் கைப்பைக்குள் போன் அடித்தது. ஓய்ந்து, திரும்ப அடித்தது. திரும்பவும்.

“எடுத்துப் பேசிட்டு வைங்கம்மா. இல்லாட்டி அது நிக்காது,” என்றார் டொக்டர்.

“எங்கை நிக்கிறாய்?” வீரகத்தியின் குரல் கட்டிலைத் தாண்டிக் கேட்டது. “பெரியவர் வந்திட்டார்! மாலையை ரஜிதன் போட்டிருக்கிறான்! படத்திலை அவன்ர கிழிஞ்ச பெனியன் தெரியுது! உன்ர பேரை ரெண்டுதரம் கூப்பிட்டாச்சு!”

“நான் கட்டிலிலை படுத்திருக்கிறன். ஊசி குத்தப் போகினம். நீங்களே பேசுங்கோவன். உங்களுக்கும் பச்சைதானே.”

போனை வைத்தாள். டொக்டர் ஸுல்பா முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. ஊசி ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டது. விமலேஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணால் தண்ணீர் வந்தது. ஊசிக்காக வரவில்லை. துடைக்கவுமில்லை.

வீரகத்தி அங்கே பேசத்தான் செய்தார். ‘கத்தியின்றி, ஊசியின்றி’ என்று தொடங்கி நீளமாகப் பேசினார். பிறகு வீட்டுக்கு வந்து அவளோடு பேசாமல் இருந்தார். பேசாமல் இருப்பது அவருக்குத்தான் தண்டனை. கிழமை முடியமுன் உடைந்துபோனார். அவளுடைய முடிவு வருகிற நாளன்று தானும் வருவேன் என்றார். கையில் ஒரு பெரிய கடைப்பை. அதற்குள் என்ன என்று அவள் கேட்கவில்லை.

டொக்டர் ஸுல்பா இருவரையும் இருத்திவிட்டு, விமலேஸ்வரியைப் பார்த்துத்தான் பேசினார்.

“அம்மா, நேராச் சொல்றன். கட்டி கான்சர்தான். சின்னதா இருக்கக்குள்ளயே வந்திட்டீங்க. கக்கத்துப் பக்கம் ஸ்கான்ல ஒண்டும் தெரியல்ல. ஒப்பரேசன் செய்து எடுப்பம். மற்ற மருந்துகள் என்னென்ன தேவையெண்டு அதுக்குப் பிறகு பாப்பம். வைத்தியம் இருக்கு.”

விமலேஸ்வரி தலையை ஆட்டினாள். தெரிந்திருந்தும், காதால் கேட்டது வேறாக இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வீரகத்தி கடைப்பையிலிருந்து சட்டம் போட்ட பச்சை ரிப்போட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“டொக்டர், இதையும் ஒருக்காப் பாக்கவேணும்.”

“சட்டம் போட்டிருக்கிறீங்களா ஐயா?”

“லமினேட்டும் செய்தது.”

டொக்டர் ஸுல்பா சிரிக்கவில்லை. ரிப்போட்டைக் கவனமாக வாசித்தார்.

“மைக்ரோ ஆர்.என்.ஏ. பொய்யில்ல ஐயா. கான்சர் எப்படித் தொடங்குது, எப்படிப் பரவுது எண்டதில அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்குது. நாளைக்கு ஒரு நாள், ஆருக்கு எந்த மருந்து கேக்கும், ஆருக்குத் திரும்ப வரும் எண்டெல்லாம் இரத்தத்திலயே பாத்துச் சொல்லக்கூடும். ஆனா இண்டைக்கு, கையில தட்டுப்படுற ஒரு கட்டியை இல்லையெண்டு சொல்ல அதால ஏலாது. இதை வைச்சுக்கொண்டு ஊசியை நிப்பாட்டவே கூடாது.”

“எண்டாலும், பத்துப் பேருக்கும் பச்சை என்னெண்டு வந்தது டொக்டர்?”

“எடுத்த இரத்தத்தை உடன சுத்திப் பிரிச்சவங்களா?”

விமலேஸ்வரிதான் மறுமொழி சொன்னாள். “இல்லை டொக்டர். எங்கட இரத்தம் விளக்குக்குப் பக்கத்திலை இருந்தது. மெஷினுக்கு நாடா கட்டியிருந்தது.”

“நாடாவா?”

“பிரதம விருந்தினர் வெட்டவேணுமெல்லோ. அவர் சாப்பிட்டிட்டு மத்தியானம் கழிச்சுத்தான் வந்தவர்.”

டொக்டர் ஸுல்பா ரிப்போட்டை மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: “நான் அந்த லாப்பைப் பாக்கல்ல, அதனால இப்படித்தான் நடந்ததெண்டு சத்தியம் பண்ண மாட்டன். ஆனா நடக்கக்கூடியது இது. இரத்தத்தை அப்படியே வெக்கையில வைச்சா சிவப்பு இரத்தக் கலங்கள் வெடிக்கும். அதுக்குள்ளயும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இருக்கு, அதெல்லாம் வெளியில கொட்டும். சில சோதனையில, அப்படிக் கொட்டுற ஒண்டைத்தான் படிக்கல்லா வைச்சு மற்றதை நிறுப்பாங்க. படிக்கல்லு கனத்துப்போனா உங்கட நெல்லு எப்படிக் காட்டும்?”

“குறைவாக் காட்டும்,” என்றார் வீரகத்தி. நெல் நிறுவையில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

“அதுதான். நோய்க்குரியது குறைவாத் தெரியும். பச்சை வரும். பிரதம விருந்தினருக்கெல்லாம் இரத்தம் காத்திருக்காது ஐயா.”

வீரகத்தி சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார். மடித்ததை விரித்துத் திரும்ப மடித்தார்.

“அந்தப் பிள்ளை வந்து கேட்டது,” என்றார், யாருக்கென்றில்லாமல். “திரும்பவும் வந்து கேட்டது.”

விமலேஸ்வரி அவரைத் தேற்றவில்லை. தேற்றவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவுமில்லை. டொக்டரின் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டாள்.

“ஒப்பரேசனுக்கு நாளைப் போடுங்கோ டொக்டர். கிட்டடியிலை எது இருக்கோ, அதைப் போடுங்கோ.”

டொக்டர் கலண்டரைப் பார்த்து ஒரு நாளைச் சொன்னார்.

“அது அறுவடை நேரம் விமலா,” என்றார் வீரகத்தி, பழக்க தோஷத்தில். “வெட்டு மெஷின் வாற கிழமை. பேந்து கலாநிதியையும் ஒருக்காக் கேட்டிட்டு...”

“வயலிலை விளைஞ்சதை வெட்டிறதுக்கு ஆரைக் கேக்கிறனீங்கள்? இது விளையமுதல் வெட்டட்டும்.” டொக்டரிடம் திரும்பினாள். “எங்கை கையெழுத்து வைக்கிறது? நான்தான் வைப்பன்.”

வைத்தாள்.

வெளியே வாங்கில் வந்து உட்கார்ந்தபோது வீரகத்தியின் போன் அடித்தது. கலாநிதி நிரஞ்சன். வீரகத்தி மனைவியைப் பார்த்தார். பிறகு போனை அவளிடமே நீட்டினார். இவ்வளவு காலக் கலியாணத்தில் மைக்கோ போனோ அவர் தானாக அவளிடம் கொடுத்தது அதுதான் முதல்முறை.

“அம்மா, கேள்விப்பட்டேன், மிகவும் வருந்துகிறேன்,” என்றார் கலாநிதி. “ஒரு சிறு வேண்டுகோள். ரிப்போட் பிழை என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. அதை ஓர் ஆரம்பநிலைத் தோற்றம் என்று சொல்லலாம்.”

“என்ர மார்பிலை தோற்றமில்லை ஐயா, கட்டி. மற்ற ஒன்பது பேருக்கும் சொல்லிட்டியளோ?”

“பதற்றத்தை உண்டாக்கக்கூடாது அல்லவா? நிர்வாகசபை கூடி, ஒரு நிபுணர் குழுவை நியமித்து...”

“கமலாட்சிக்குச் சொல்லத் தேவையில்லை, அவளுக்கு முந்தியே தெரியும். மிச்சப் பேருக்கு நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?”

“நாங்கள் முறைப்படி...”

விமலேஸ்வரி போனை வெட்டினாள். வீரகத்தியின் மடியில் வைத்தாள். தன்னுடைய போனைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.

“தயாளினியின்ர நம்பரைச் சொல்லுங்கோ.”

தயாளினி தபாற்கந்தோரில் வேலை செய்கிறவள். மேடையில் விமலேஸ்வரிக்கு அடுத்த கதிரையில் இருந்தவள். அவளுக்கும் ஒரு கட்டி சந்தேகத்தில் இருந்தது. பச்சை வந்த கையோடு கிளினிக்குக்குப் போவதை விட்டுவிட்டாள்.

வீரகத்தியிடம் ஊரிலுள்ள எல்லாருடைய நம்பரும் இருந்தது, தலைவர் அல்லவா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். “பூச்சியம் ஏழு ஏழு...” என்று தொடங்கினார். இலக்கங்களை ஒவ்வொன்றாக, தெளிவாகச் சொன்னார்.

“தயாளினி, நான் விமலா. ஆஸ்பத்திரியிலை நிக்கிறன். எனக்குக் கான்சர் இருக்கு. ஓமோம், பச்சை வந்த எனக்குத்தான். அழாதை, கேள். கிளினிக் கொப்பி எங்கை வைச்சிருக்கிறாய்? அலுமாரிக்கு மேலையோ? எடு. நாளைக்கு வெளிக்கிடு. உன்ர மனுசன் ஏத்திவராட்டி எனக்குச் சொல்லு, இவர் வருவார் மோட்டார்சைக்கிளோடை.” வீரகத்தி தலையை ஆட்டினார். “என்ன? ஆர் சொன்னதோ? நான் சொன்னதெண்டு சொல்லு. பேரைச் சொல்லியே சொல்லு!”

மருந்து வாங்க நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. நேர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து, “அம்மா, கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ, இது ஆஸ்பத்திரி,” என்றாள்.

“ஓம் பிள்ளை, ஆஸ்பத்திரியெண்டபடியாத்தான்,” என்றாள் விமலேஸ்வரி. கணவரின் பக்கம் திரும்பினாள். “அடுத்த நம்பர்?”